நினைக்கிற ஆள்

முதல் விக்கல் தெருமுனையிலேயே வந்துவிட்டது, ரோஜா மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றும்போது. குற்றாலிங்கம், ஊருக்கெல்லாம் குத்தாலம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வடைதான் காரணம். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், சாவு வீட்டில் எப்போது தூக்குவார்களோ, அதுவரை பச்சைத்தண்ணிகூடக் கிடைக்காதே என்று கொதிக்கிற எண்ணெயிலிருந்து எடுத்த உளுந்த வடை இரண்டை ஊதி ஊதி விழுங்கியிருந்தார். மாத்திரை போட வேண்டும், சர்க்கரை உடம்பு, காலி வயிற்றோடு போகாதீங்க என்று தூத்துக்குடியில் கிளம்பும்போதே கோமு சொல்லித்தான் அனுப்பினாள். மனைவி சொன்னதைக் கேட்டது தப்பா? கூடப் பிறந்தவன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது வடை தின்றுவிட்டு வருகிறவன் என்ன மாதிரி ஆள் என்று யாராவது கேட்டால்? யார் கேட்கப் போகிறார்கள், உதட்டைத் துடைத்தாகிவிட்டது. அண்ணன் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். பதினோரு வருஷம் கழித்து அந்த வாசற்படியில் கால் வைக்கிறார், வைத்த நேரத்தில் இரண்டாவது விக்கல் உடம்பைத் தூக்கிப் போட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் போய் மாலையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். சிவசைலம் அண்ணன்தானா இது, கன்னம் இரண்டும் உள்ளே போய், மூக்கு மட்டும் அப்பா மூக்காக நின்றுகொண்டு. என்ன தோன்ற வேண்டும் என்று தெரியாமல் நின்றபோது மூன்றாவது விக்கல். தோள் குலுங்கியது, தொண்டையில் ‘ஹெக்’ என்று ஒரு சத்தம். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்குள் ஒரு அசைவு. “ஐயோ, தம்பி வந்துட்டாவளே, விம்முதாவளே” என்று ஒருத்தி பெருங்குரலெடுத்தாள். யாரோ வந்து அவர் முதுகைத் தடவினார்கள். அழவில்லை, இது வடை, என்று சொல்ல முடியுமா. அடுத்ததும் வந்தது, அதற்கும் ஒரு கை முதுகில் விழுந்தது. அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார், அது இன்னும் அழுகை மாதிரியே ஆகிவிட்டது.

வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் பிச்சுமணி அத்தான் பக்கத்தில் வந்து அமர்ந்தார். மதினிக்கு அண்ணன் முறை, எந்தச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் நின்று நடத்துகிற ஆள். அவரை ஏமாற்ற முடியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வே, இது அழுகை இல்லல்லா? விக்கல்லா?” என்றார். குத்தாலம் தலையை ஆட்டினார். “மூச்ச அடக்கும். நல்லா உள்ள இழுத்து அப்படியே நிறுத்தும்.” நிறுத்தினார். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கல்லாக நின்றது, எதிரே பந்தக்காலில் கட்டியிருந்த கயிற்றின் முறுக்கை எண்ணினார், விட்டதும் இரட்டையாக வந்தது. “தண்ணி குடியும். விடாம, மூக்கப் பிடிச்சிக்கிட்டு.” பாட்டில் வந்தது. குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது, போகவில்லை. “சீனி ஒரு வாய் அள்ளிப் போட்டா சட்டுனு நின்னுரும். ஆனா ஒமக்கு சுகர்லா.” பக்கத்து நாற்காலிக்காரர் எலுமிச்சம்பழம் சப்பச் சொன்னார், அதற்கடுத்தவர் நாக்கைப் பிடித்து வெளியே இழுக்கச் சொன்னார், சாவு வீட்டு வாசலில் நாக்கை இழுத்துக்கொண்டு உட்காரவா. மயிலிறகைச் சுட்டுச் சாம்பலைத் தேனில் குழைத்து நக்கினால் எப்பேர்ப்பட்ட விக்கலும் ஓடிவிடும் என்றார் ஒருவர், என்னவோ எல்லார் வீட்டிலும் மயில் நிற்கிறது போல. செத்தவனைப் பற்றி அதுவரை பேச ஒன்றும் இல்லாமல் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் உயிர் வந்துவிட்டது. கடைசியில் அத்தான் சொன்னார்: “ஒண்ணும் செய்ய வேண்டாம். யாரோ நெனைக்காங்க. நெனைக்கிற ஆளு பேரச் சொன்னா நின்னுரும்.”

யார் நினைக்கிறார்கள். ஆளைச் சொல்லிப் பார்ப்போமே. கோமு? இந்நேரம் முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் இருப்பாள், நினைத்தாலும் மாத்திரை போட்டாரா என்றுதான் நினைப்பாள், அது நினைப்பா. ஹெக். சுபாஷினி, நாசிக்கில் இருக்கிற மகள்? காலையில் போன் பண்ணி, “போய்ட்டு வாங்கப்பா, அங்க போய்ப் பழச எடுக்காதீங்க” என்றாள், அவ்வளவுதான். பெரியப்பா என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்ததே, அது யாருக்காக? அவளுக்கு ஒருபோதும் அப்பா என்று சொல்லிக் குரல் உடைந்ததில்லை. ஹெக். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் கம்பமாக அலைந்தாரே, கூட வேலை பார்த்தவர்கள்? ரிட்டையர் ஆன அன்று சால்வை போட்டதோடு சரி, ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தப் பெரிய உலகத்தில் ஒரு விக்கல் அளவுக்குத் தன்னை நினைக்க ஆள் இல்லை என்று தெரிந்தபோது வாயில் வடையின் காறல் ஏறி வந்தது. அப்புறம் அவன். பெட்டிக்குள் கிடக்கிறவன். செத்தவன் நினைப்பானா? நினைத்தால் அதற்குக் கணக்கு உண்டா? சின்ன வயசில் விக்கல் எடுத்தால் அண்ணன்தான் வைத்தியம். சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று இரண்டு கட்டைவிரலாலும் அவர் காதை இறுக்கமாக அடைப்பான். “குடில. நிறுத்தாமக் குடி.” காது அடைத்ததும் வெளியே உலகம் நின்றுவிடும், உள்ளே தன் தொண்டை விழுங்குகிற சத்தம் மட்டும், கிணற்றுக்குள் வாளி விழுகிற மாதிரி, அதோடு அண்ணன் விரலின் சூடு. ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. அந்தச் சூட்டை நினைத்ததும் குத்தாலத்துக்குக் கோபம் வந்தது. நல்லவனாக இருந்தால் கடைசி வரைக்கும் நல்லவனாக இருக்க வேண்டியதுதானே, எதற்குப் பாதியில் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னான்.

அந்த வார்த்தை. சுரண்டையிலிருந்து சுபாஷினிக்கு வந்த சம்பந்தம், பையன் என்ஜினீயர், பூ வைக்கிறவரைக்கும் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெரியப்பா என்று இங்கே வந்து விசாரித்திருக்கிறார்கள். பிள்ளைக்குச் சீக்கு சிணுக்கு ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, இந்த மகராசன், சின்னதிலே வலிப்பு இரண்டு மூன்று தடவை வந்தது, மருந்து கொடுத்து நின்றுவிட்டது, இப்போது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டான். ஒன்றும் இல்லாததை எதற்குச் சொல்ல வேண்டும்? மறுநாளே சம்பந்தம் போயிற்று. குத்தாலம் பஸ் பிடித்து வந்து இதே தெருவில், இதோ இந்த வேப்பமரத்துக்குக் கீழே நின்று கத்தினார். அண்ணன் வாசலில் நின்று, “கேட்டாங்கல. கேட்டா எப்படி இல்லம்பேன்?” என்றான், அவ்வளவுதான் சொன்னான். “நீ செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டேன்” என்றார் குத்தாலம். வந்து உட்கார்ந்திருக்கிறார். சுரண்டைப் பையன் அப்புறம் வேறு இடத்தில் கட்டி, குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்து, அது கோர்ட்டு வரைக்கும் போனது ஊருக்கே தெரியும், அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். பார்த்தியால என்று ஒரு ஆள் மூலமாவது சொல்லி விட்டிருக்கலாம், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டவாவது ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கும். சுபாஷினியோ நாசிக்கில் புருஷன், இரண்டு பிள்ளைகள் என்று நன்றாக இருக்கிறாள், மாதம் தவறாமல் பெரியப்பாவோடு பேசினாளாம், அது வேறு இரண்டு வருஷம் முன்னால் தெரிந்தது. கோபத்துக்குக் காரணமானவளே கோபத்தை விட்டுவிட்டாள். அப்புறமும் அவர் விடாமல் வைத்திருந்தார், காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி அதையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வார், இருக்கிறதா, இருக்கிறது, சரி.

விக்கல் நிற்கவில்லை. இப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது, ஒவ்வொன்றும் விலாவைப் பிடித்து இழுத்தது. நிற்காத விக்கல் கெட்டது என்று எங்கேயோ படித்திருக்கிறார், கிட்னி பழுதானால் வருமாம், ரத்தத்தில் உப்பு ஏறினால் வருமாம். போன மாசம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கவனமா இருங்க சார் என்றாரே, கொஞ்சம் என்றால் எவ்வளவு. அண்ணனுக்குக் கிட்னிதான். அப்பாவுக்கும் அதுதான். ஒரே ரத்தம், ஒரே மூக்கு, ஒரே கிட்னி. அந்தக் கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் சத்தம் இங்கே வரை கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வரவும் அந்தப் பயத்தை அப்படியே விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தார். அத்தானும் வடிவும். வடிவு அண்ணனுக்கு ஒரே மகள், பெங்களூரில் வேலை, அப்பாவுக்கு முடியவில்லை என்றதும் லீவு போட்டுவிட்டு ஒரு மாசமாக இங்கேதான் கிடக்கிறாளாம். “பொம்பளப் பிள்ள கொள்ளி போடுத வழக்கம் நம்மள்ல கெடையாது தாயி. அதான் கூடப் பொறந்தவன் வந்து உக்காந்திருக்கானே.” “நான் போடுதேன் மாமா. அப்பாட்டயே சொல்லிட்டேன், சரின்னுட்டாக. அம்மாவும் சரின்னுட்டா.” “ஊருல என்ன பேசுவான்?” “அப்பாவக் குளிப்பாட்டி விட்டப்ப ஊரு வரல.” குத்தாலத்துக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. போடட்டும், அவளே போடட்டும். அவர் வரும்போது பஸ்ஸில் பயந்துகொண்டே வந்தது அதற்குத்தான். பெட்டிக்கு மாலை போட்டு, பத்து ஆள் பார்க்க உட்கார்ந்துவிட்டு, தூக்கியதும் கிளம்பிவிடலாம், சாயங்காலம் தூத்துக்குடி பஸ். மொட்டை, மீசை, ஈர வேட்டி, பதினாறு நாள் காரியம், அதற்கெல்லாம் மனசு வேண்டாமா. மனசு இல்லாதவன் செய்தால் போகிற ஆத்மாவுக்குத்தான் என்ன லாபம். ஹெக்.

“கல்யாணி கூப்பிடுதா” என்று அத்தான் வந்து சொன்னதும் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். பரமகல்யாணி மதினி பெட்டியின் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கையை அசைத்ததும் பக்கத்துப் பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். குத்தாலம் மண்டியிட்டு உட்கார்ந்தார், தலையைக் குனிந்தார், விக்கல் அவரைக் குலுக்கியது. “விக்குதாக்கும்” என்றாள் மதினி, குரலில் ஒன்றும் இல்லை. “ஆமா மதினி.” “அவுகளுக்கும் இதான். கடைசி ஒரு வாரம், விடாம. சோறு எறங்கல, ஒறக்கம் இல்ல. நான் இஞ்சியத் தட்டிக் குடுத்தேன், திப்பிலியத் தேன்ல கொழச்சுக் குடுத்தேன், ஓமத்த வறுத்துத் துணியில கட்டி மூக்குல வச்சேன். கோயில் பண்டாரத்துட்ட மயிலெறகு கேட்டு வாங்கிச் சுட்டேன். டாக்டரும் மாத்திர குடுத்தாரு. எல்லாத்தையும் துப்பிப்புட்டாக.” அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எதுக்குத் துப்புதியன்னா, குத்தாலம் நெனைக்கான்டி, அவன் நெனைக்கத நீ ஏன் நிறுத்தணும்னு கேக்காக. ஒவ்வொரு விக்கலுக்கும் ஒங்க பேரு. தம்பி நெனைக்கான், தம்பி நெனைக்கான். பீ மூத்திரம் அள்ளினது நானும் என் மகளும். அந்த ஒரு வாரத்துல எங்க பேரு ஒரு தடவ வாயில வரல.” குத்தாலத்தின் உள்ளங்கை தரையின் சில்லிப்பில் ஒட்டிக்கொண்டது. மதினி இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். கண் காய்ந்திருந்தது. “நான் ஒண்ணு கேக்கேன். நீங்க வந்ததுக்கு, வராததுக்கெல்லாம் கேக்கல. நெனச்சியளா? அந்த ஒரு வாரம்? நெனச்சிருந்தா, சரி, அந்த மனுசன் பட்ட பாட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு நான் வச்சுக்கிடுவேன். இல்லேன்னா இல்லன்னு சொல்லுங்க. கிறுக்குப் பிடிச்சுச் செத்தாகன்னு வச்சுக்கிடுதேன்.”

போன வாரம். போன வாரம் என்ன செய்தார்? குழாயில் தண்ணீர் ஒழுகியது, வாஷர் மாற்ற ஆள் வரவில்லை, அவனைத் திட்டினார். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், அங்கே ஒரு சண்டை. கோமு வாளைமீன் வாங்கச் சொன்னாள், சாளைதான் கிடைத்தது. மத்தியானத் தூக்கம். கிரிக்கெட். மாடியில் காயப்போட்ட வத்தலைக் காக்கா கொண்டுபோனது. ஒவ்வொரு நாளாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், அடியில் எங்காவது அண்ணன் இருக்கிறானா என்று, இல்லை, வாஷர்தான் இருந்தது, சாளைமீன்தான் இருந்தது. இங்கே ஒருவன் தின்னாமல் உறங்காமல் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட, ஒவ்வொரு தூக்கலுக்கும் தம்பி தம்பி என்று கிடந்திருக்கிறான், அங்கே தம்பி வத்தலுக்குக் காக்கா விரட்டிக்கொண்டிருந்திருக்கிறான். இல்லை என்று சொல்லிவிடலாம். கேட்டால் எப்படி இல்லை என்பேன் என்று கேட்ட ஆளின் தலைமாட்டில் உட்கார்ந்து இல்லாததை ஆமாம் என்று சொல்வதா. ஆனால் அந்தக் காய்ந்த கண் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது, சுற்றி இருக்கிற பெண்கள் மூச்சுவிடாமல் கேட்கிறார்கள், மோட்டார் ஓடுகிறது. “நெனச்சேன் மதினி” என்றார். சொன்னது போதாது போல இருந்தது. “நெனைக்காத நாள் இல்ல.” மதினியின் வாய் கோணியது. அதுவரை வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது, சத்தமே இல்லாமல் ஆரம்பித்து, பெட்டியின் கண்ணாடிமேல் நெற்றியை முட்டிக்கொண்டு, “கேட்டியளா, நீங்க சொன்னது நெசந்தான், கேட்டியளா” என்று உள்ளே கிடக்கிறவனிடம் சொன்னாள். பெண்கள் எல்லாரும் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். குத்தாலம் அந்தக் கைகளுக்கும் முந்தானைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். விக்கல் நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு மதினி தலையை நிமிர்த்தினாள். “அண்ணாச்சி,” என்று பிச்சுமணி அத்தானைக் கூப்பிட்டாள். “தம்பியே கொள்ளி போடட்டும். அவுகளுக்கு அதான் பிடிக்கும்.” அத்தான் உடனே, அதானே முறை என்றார். நிலைப்படியில் சாய்ந்து நின்ற வடிவு அம்மாவைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், பின்கட்டுக்குப் போனாள். வேண்டாம் மதினி, பிள்ளையே போடட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. நெனைக்காத நாள் இல்லை என்றவன் ஏன் வேண்டாம் என்கிறான்? ஒரு பொய் சொன்னால் அதோடு முடியும் என்றல்லவா இருந்தார், அது எழுந்து நின்று அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது.

பின்கட்டில் அடிகுழாய்ப் பக்கத்தில் சட்டையைக் கழற்றி நிறுத்தினார்கள். நாவிதர் மீசையை எடுத்தார், தலையை வழித்தார். கண்ணாடி யாரும் காட்டவில்லை, கையால் தடவிப் பார்த்தபோது அண்ணன் தலை மாதிரி இருந்தது, அல்லது அப்பா தலை. நாவிதர் பெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் வடிவு வாளியில் தண்ணீர் அடித்து நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். கோடி வேட்டியைக் கல்லின்மேல் வைத்தாள். போகவில்லை, நின்றாள். “தண்ணி குளுந்து கெடக்கும், மெதுவா ஊத்துங்க” என்றாள். அவர் செம்பை எடுத்தார். “சித்தப்பா, செவ்வாக்கெழமை மத்தியானம் ஒங்களுக்கு ஒரு போன் வந்துச்சுல்லா. அப்பா போன்லருந்து. நான்தான் பேசுனேன்.” செம்பு கையில் நின்றது. “ராங் நம்பர்னு சொல்லிட்டு வச்சிட்டிய.” அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்கிற மாதிரி சொன்னாள். “அப்பா பக்கத்துல படுத்து என் வாயவே பாத்துக்கிட்டிருந்தாக. சித்தப்பா வெளியூர் போயிருக்காவளாம், வந்ததும் வாராவளாம்னு சொன்னேன். நம்பிட்டாக. அம்மாட்டயும் அதத்தான் சொன்னேன். இன்னைக்கு நீங்க சொன்னதயும் அவ நம்பிட்டா.” உள்ளே பெண்கள் சத்தம் ஏறியது, பெட்டியைத் திறக்கிறார்கள் போல. வடிவு அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்படியே இருக்கட்டும். இனிமே அவளுக்கு வேற என்ன இருக்கு. நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லிராதிய. போய்ப் போட்டுட்டு வாங்க.”

அவள் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை. வத்தலுக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் அந்த மத்தியானம் எங்கே போயிருந்தது, எவ்வளவு தேடினார், அகப்படவில்லையே, இப்போது முழுசாக வந்து நிற்கிறது. கட்டிலில் படுத்திருந்தார். ஃபேன் சுற்றியது. போன் அடித்தது. பேரை அழித்து வருஷக்கணக்காயிற்று, வெறும் நம்பர்தான் வந்தது. ஆனால் அந்த நம்பரின் கடைசி இலக்கங்கள் அவருக்குத் தெரியாதா? எடுத்தார். “சித்தப்பா” என்று ஒரு பெண் குரல். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, ஃபேன் சத்தம் என்று சொல்ல முடியாது, நன்றாகக் கேட்டது. அந்தக் குரலுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒரு சத்தமும் இருந்தது, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, அது என்ன என்று அப்போது தெரியவில்லை. ராங் நம்பர் என்று சொல்லிவிட்டுச் சிவப்பை அழுத்தினார், போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஆக, நினைத்தார். மதினியிடம் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. அந்த ஒரு வாரத்தில் ஒரு தடவை அண்ணனை நினைத்திருக்கிறார், விரலை எடுத்துக்கொண்டுபோய் அழுத்துகிற நேரம் வரைக்கும்.

“குத்தாலம், நேரமாச்சு வே” என்று அத்தான் முன்வாசலிலிருந்து கூப்பிட்டார். சங்கு ஊதியது. அவர் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார், வேட்டியைச் சுற்றினார். வடிவு பின்வாசல் நடையில் நின்று யாருக்கோ பூக்கூடையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீயே போடு தாயி. சின்ன வாக்கியம். இதோ பக்கத்தில்தான் நிற்கிறாள். வாயைத் திறந்தார். தொண்டை சுத்தமாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது, பேச முடியாததற்கு ஒரு காரணமும் இல்லை. ஒரு விக்கல் வந்தால்கூடப் போதும் என்று அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். வரவில்லை. ஈர வேட்டி காலில் ஒட்ட, அவளைத் தாண்டி முன்வாசலுக்கு நடந்தார். தீச்சட்டியை உறியோடு தூக்கி நீட்டினார்கள். கூட்டம் மரியாதையாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டது.